அழுதால் விசுவாசம் குறைந்துவிடுமா? வாசகர் கேள்வி – பதில்

ஈஸ்டர் முடிந்த கையோடு வந்த கடிதங்களில் நிறையப் பேர் சாவைப் பற்றியும் உயிர்த்தெழுதலைப் பற்றியும்தான் கேட்டிருக்கிறீர்கள். அதனால் இந்த மாதம் மற்ற கேள்விகளை ஓரமாக வைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். கேட்டவர்களில் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே, கிறிஸ்தவர் அல்லாதவர் எல்லோரும் உண்டு. ஒரு சபைக்காரருக்குப் பிடிக்கிற பதில் இன்னொருவருக்குப் பிடிக்காமல் போகலாம், பரவாயில்லை, எழுதுங்கள்.

கேள்வி: என் கணவர் இறந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள் "அவர் கர்த்தரிடத்தில் சேர்ந்துவிட்டார், நீங்கள் அழுதால் அது விசுவாசக் குறைவு" என்கிறார்கள். ராத்திரி தனியாக இருக்கும்போது அழுகிறேன், அதுவும் குற்றமாகத் தோன்றுகிறது. நான் செய்வது பாவமா?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: பாவம் இல்லை அம்மா. ராத்திரிக்காகக் காத்திருக்கவும் வேண்டாம், பகலில் அவர்கள் எதிரிலேயே அழுங்கள்.

யோவான் 11ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். லாசரு இறந்து நாலாம் நாள் இயேசு பெத்தானியாவுக்கு வருகிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் அவனைக் கல்லறையிலிருந்து கூப்பிடப் போகிறோம் என்று அவருக்குத் தெரியும், புறப்படும் முன்பே சீடர்களிடம் சொல்லியும் விட்டார். அப்படியிருந்தும் மரியாள் அழுவதைப் பார்த்ததும் கலங்கி அவரும் அழுகிறார். உயிர்த்தெழுதல் தெரிந்தவர் அழக்கூடாது என்பது சட்டமானால் முதலில் அதை மீறியவர் அவர்தான். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றபோது பக்தியுள்ளவர்கள் அவனை அடக்கம் செய்து பெரிதாகத் துக்கம் கொண்டாடினார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகள் 8ஆம் அதிகாரம் சொல்கிறது. பக்தியுள்ளவர்கள் என்றே எழுதியிருக்கிறது, கவனியுங்கள்.

உங்களிடம் வந்தவர்கள் தெசலோனிக்கேயர் நிருபத்தைக் காட்டியிருப்பார்கள். "நம்பிக்கையற்ற மற்றவர்களைப் போல" துக்கப்படாதீர்கள் என்றுதான் பவுல் அங்கே எழுதுகிறார், துக்கமே படாதீர்கள் என்று எழுதவில்லை. அதே பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது, முதல் அதிகாரத்தில் "சாவு எனக்கு ஆதாயம்" என்று சொல்லிவிட்டு, அடுத்த அதிகாரத்திலேயே, நோயில் சாகக் கிடந்த எப்பாப்பிரோதீத்து பிழைத்ததைப் பற்றி, துக்கத்தின் மேல் துக்கம் வராதபடி தேவன் எனக்கு இரங்கினார் என்கிறார். தன் சாவு ஆதாயம், நண்பனின் சாவு துக்கம். இதில் முரண்பாடு ஒன்றும் இல்லை, நேசிக்கிற எல்லோரும் அப்படித்தான்.

நம் ஊரில் இந்த இடத்தில்தான் பெரிய குழப்பம் இருக்கிறது. சாவு நல்லது, சாவு ஒரு வாசல், சாவு வீடு திரும்புதல் என்றெல்லாம் அடக்க ஆராதனையில் பேசுகிறோம். கிறிஸ்தவ நம்பிக்கை சாவை அப்படிப் பார்க்கவில்லை. 1 கொரிந்தியர் 15இல் பவுல் அதற்கு வைக்கிற பெயர் சத்துரு, கடைசிச் சத்துரு. சத்துரு வந்து வீட்டில் ஒருவரைத் தூக்கிக்கொண்டு போனால் யாரும் சிரிக்க மாட்டார்கள். அந்தச் சத்துரு தோற்கப் போகிறான் என்பது நம்பிக்கை. இன்றைக்கே அவன் நல்லவன் என்று சொல்வது வேறு எதுவோ.

அகுஸ்தீனுடைய அம்மா மோனிக்கா கி.பி. 387இல் ரோமுக்குப் பக்கத்தில் ஓஸ்தியா துறைமுகத்தில் இறந்தார். மகன் அழவில்லை. விசுவாசியின் சாவுக்குப் புலம்பக்கூடாது என்று நினைத்து அடக்கிக்கொண்டார், ஓவென்று கத்திய பேரப் பையனையும் சுற்றியிருந்தவர்கள் அதட்டி அடக்கினார்கள். அடக்கம் முடிந்தது. மனம் ஆறட்டும் என்று அகுஸ்தீன் குளித்துப் பார்த்தார், ஆறவில்லை. தூங்கி எழுந்த பிறகு தனியாகக் கிடந்து கடவுளுக்கு முன்னால் அழுது தீர்த்தார். இதையெல்லாம் அவரே எழுதி வைத்திருக்கிறார், இதைப் பாவம் என்று நினைக்கிறவர் என்னைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், எனக்காக அழட்டும் என்றும் கேட்டுக்கொள்கிறார். பிற்காலத்தில் திருச்சபையின் மாபெரும் வேதபாரகர்களில் ஒருவர் என்று பெயர் வாங்கியவர் நிலையே இதுதான் என்றால் உங்களுக்கு என்ன குறை?

அடுத்த தடவை யாராவது அப்படிச் சொன்னால் யோவான் 11:35ஐ வாசித்துவிட்டு ஜெபிக்கச் சொல்லுங்கள். சின்ன வசனம்தான்: "இயேசு கண்ணீர் விட்டார்."

கேள்வி: நான் இந்து. ஆன்மா அழியாதது, பழைய துணியைக் கழற்றிப் புதியதைப் போடுவது போல உடலை மாற்றிக்கொள்கிறது என்பது எங்கள் கீதை. நீங்களும் ஆத்துமா பரலோகம் போகிறது என்றுதான் சொல்கிறீர்கள். ஆத்துமாதான் போய்விட்டதே, அப்புறம் உடல் கல்லறையிலிருந்து எழுவது எதற்கு?
– வாசகர், ஈரோடு

பதில்: பல கிறிஸ்தவர்களே கேட்காத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்காததற்குக் காரணம், அவர்களில் பலரும் ஆத்துமா மேலே போவதோடு கதை முடிந்தது என்று நம்பிக்கொண்டிருப்பதுதான். ஞாயிற்றுக்கிழமைதோறும் விசுவாசப் பிரமாணத்தில் சரீரம் உயிர்த்தெழும் என்று வாயால் சொல்லிவிட்டு வெளியே வந்ததும் மறந்துவிடுகிறோம்.

பைபிளின் பார்வையில் உடல் என்பது ஆன்மா குடியிருக்கிற கூண்டு இல்லை, கடவுள் படைத்து நல்லது என்று கண்டது. உடலில்லாத ஆன்மா முழு மனிதன் ஆகாது. அதனால் சாவு விடுதலை ஆவதில்லை, ஒன்றாக இருந்ததை இரண்டாகப் பிய்ப்பதாகிறது. கி.மு. 399இல் சாக்ரடீஸ் நஞ்சைக் குடித்தபோது நிதானமாக, நண்பர்களைத் தேற்றிக்கொண்டே குடித்தார் என்று பிளேட்டோ எழுதுகிறார், ஏனென்றால் ஆன்மாவுக்கு அது விடுதலை. சாவுக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசுவைப் பாருங்கள், நடுங்குகிறார், தரையில் விழுகிறார், இந்தப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று கெஞ்சுகிறார். ஆஸ்கர் குல்மன் என்ற இறையியலாளர் 1955இல் ஹார்வர்டில் ஆற்றிய உரையில் இந்த இரண்டு சாவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசினார். கோபப்பட்டவர்கள் பலரும் கிறிஸ்தவர்கள்! ஆன்மா அழியாதது என்பதே பைபிள் போதனை என்று அவர்கள் நினைத்திருந்தார்கள்.

பவுல் ஏதென்ஸில் பேசியபோதும் இதேதான் நடந்தது. ஒரே கடவுள், படைத்தவர் என்பதையெல்லாம் அந்த ஊர்த் தத்துவவாதிகள் பொறுமையாகக் கேட்டார்கள், செத்தவர் எழுந்தார் என்றதும் சிலர் கேலி செய்தார்கள். உடலைக் கழற்றிவிட்டுப் போவதுதானே நல்லது, அதைப் போய் யாராவது திரும்ப வாங்குவார்களா என்பதுதான் அவர்கள் எண்ணம்.

சரி, எழுவது எந்த உடல்? இந்தக் கேள்வியைக் கொரிந்து சபையாரும் கேட்டார்கள், கேட்டவனைப் பவுல் "புத்தியீனனே" என்று திட்டிவிட்டுத்தான் பதில் சொல்லத் தொடங்குகிறார். (நான் உங்களைத் திட்டவில்லை.) விதையையும் பயிரையும் காட்டுகிறார்: விதைத்ததுதான் முளைக்கிறது, ஆனால் விதைத்தபடியே முளைப்பதில்லை. சுவிசேஷங்களும் அப்படித்தான் சொல்கின்றன. உயிர்த்தெழுந்தவர் பொரித்த மீன் துண்டை வாங்கிச் சாப்பிடுகிறார், ஆணித் தழும்பு கையிலேயே இருக்கிறது, ஆனால் பூட்டிய அறைக்குள் வந்து நிற்கிறார், எம்மாவூருக்குக் கூடவே நடந்தவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. தழும்பு இருக்கிறது என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. பட்ட காயத்தையெல்லாம் அழித்துவிட்டு இன்னொரு ஆளாக அவர் வரவில்லை, அதே ஆளாக வந்தார்.

உங்கள் மறுபிறவிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. அங்கே ஆன்மா தொடர்கிறது, உடலும் பெயரும் உறவும் மாறுகின்றன. இங்கே இந்தப் பெயர், இந்த உறவு, இந்த முகம் உள்ள ஆள்தான் எழுகிறார், ஒரே ஒரு தடவை. எது மேல் என்று பட்டிமன்றம் வைக்க நான் வரவில்லை, இரண்டும் ஒன்றுதான் என்று நைசாகக் கலந்துவிடவும் எனக்கு மனமில்லை.

ஒரு கொசுறு: உடலுக்கு மதிப்பு கொடுத்ததால் அந்தக் காலக் கிறிஸ்தவர்கள் பிணத்துக்கும் மதிப்பு கொடுத்தார்கள். நாலாம் நூற்றாண்டில் பழைய ரோமத் தெய்வ வழிபாட்டை மீட்க முயன்ற பேரரசன் ஜூலியன் எழுதியதாக ஒரு கடிதம் இருக்கிறது. அந்நியர்களிடம் காட்டும் அன்பாலும் செத்தவர்களை அடக்கம் செய்வதில் எடுக்கும் அக்கறையாலும்தான் இவர்கள் வளர்ந்தார்கள் என்று அதில் எரிச்சலோடு ஒப்புக்கொள்கிறான்.

கேள்வி: வெள்ளிக்கிழமை மாலை அடக்கம், ஞாயிறு விடியற்காலை கல்லறை காலி. இது எப்படி மூன்று நாள்?
– வாசகர், மதுரை

பதில்: யூதர்கள் பகுதி நாளையும் ஒரு நாளாக எண்ணுவார்கள். வெள்ளி ஒன்று, சனி இரண்டு, ஞாயிறு மூன்று. நம்மிலும் பல வீடுகளில் பதினாறாம் நாள் என்றால் இறந்த நாளையும் சேர்த்துத்தானே எண்ணுகிறோம். மத்தேயு 12இல் "இரவும் பகலும் மூன்று நாள்" என்று இருக்கிறதே என்பீர்கள், மூன்று நாள் மீன் வயிற்றில் இருந்த யோனாவின் கதையை அப்படியே எடுத்து அங்கே சொல்லியிருக்கிறது. கடிகாரம் வைத்து எழுபத்திரண்டு மணி நேரம் பார்த்தால் வராது, எந்த விளக்கம் சொன்னாலும் வராது.

கேள்வி: லாசருவும் உயிரோடு எழுந்தாரே, அப்புறம் அவர் என்ன ஆனார்? இயேசு மட்டும் எப்படி "முதற்பலன்"?
– வாசகி, பாளையங்கோட்டை

பதில்: லாசரு மறுபடி செத்தார். யவீருவின் மகளும் செத்தாள், நாயீன் ஊர் விதவையின் மகனும் செத்தான். அவர்கள் திரும்பி வந்தது பழைய வாழ்க்கைக்கு: அதே உடல், அதே நோய், அதே வரி. பாவம் லாசருவுக்கு நிம்மதியும் கிடைக்கவில்லை, இவனால் பலர் இயேசுவை நம்புகிறார்கள் என்று பிரதான ஆசாரியர்கள் அவரையும் கொல்ல யோசித்ததாக யோவான் 12இல் இருக்கிறது. ஒருவனைச் சாவிலிருந்து எழுப்பியதற்காகவே அவனைச் சாகடிக்கத் திட்டம் போடுகிறார்கள்! பிறகு அவர் சைப்ரஸுக்குப் போய் அங்கே ஆயராக இருந்தார் என்பது கிழக்குச் சபைகளின் பாரம்பரியம். லார்னகா நகரத்தில் அவர் பெயரில் பழைய கோயில் ஒன்று உண்டு, பீடத்துக்குக் கீழே கல்லறையும் காட்டுகிறார்கள், போனவர்கள் பார்த்திருக்கலாம்.

இயேசு திரும்பி வரவில்லை, தாண்டிப் போனார் என்பதுதான் கிறிஸ்தவ நம்பிக்கை. "மரித்தோரிலிருந்து எழுந்த கிறிஸ்து இனி மரிப்பதில்லை" என்று ரோமர் 6 சொல்கிறது. முதற்பலன் என்பது அறுவடையின் முதல் கட்டு, மீதி வயலும் அதே விளைச்சல்தான் என்பதற்கு அது அத்தாட்சி. லாசரு அப்படி எதற்கும் அத்தாட்சி ஆகவில்லை, அடையாளமாக மட்டும் இருந்தார்.

கேள்வி: நாலு சுவிசேஷமும் நாலு விதமாகச் சொல்கின்றன. கல்லறைக்குப் போன பெண்கள் எத்தனை பேர், தேவதூதர் ஒருவரா இருவரா என்பதிலேயே ஒற்றுமை இல்லை. இதை எப்படி நம்புவது?
– பொறியியல் மாணவர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் சொல்வது சரி தம்பி, ஒற்றுமை இல்லை. மாற்குவில் மூன்று பெண்கள், ஓர் இளைஞன். மத்தேயுவில் இரண்டு பெண்கள், ஒரு தூதன். லூக்காவில் இன்னும் அதிகம் பெண்கள், இரண்டு ஆண்கள். யோவானில் மகதலேனா மரியாள், அப்புறம் இரண்டு தூதர்கள். இதையெல்லாம் ஒட்டுப்போட்டு ஒரே கதையாக்கிக் காட்டுகிற புத்தகங்கள் கடையில் கிடைக்கும், எனக்கு அவற்றில் ஈடுபாடு இல்லை.

இன்னொன்றும் சொல்கிறேன், உங்கள் சபையில் சொல்லியிருக்க மாட்டார்கள். மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய முழுப் பிரதிகளான சினாய்ப் பிரதியும் வத்திக்கான் பிரதியும், இரண்டும் நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை, 16ஆம் அதிகாரம் எட்டாம் வசனத்தோடு நின்றுவிடுகின்றன. பெண்கள் பயந்து ஓடினார்கள், யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை, அவ்வளவுதான். உயிர்த்தெழுந்தவர் காட்சியே கொடுக்கவில்லை. மீதி வசனங்கள் பிறகு சேர்ந்தவை என்பதைப் பெரும்பாலான அறிஞர்கள் ஒப்புக்கொள்கிறார்கள்.

இப்போது மறுபக்கம். நாலு பேரும் வேறுபடுகிற இடத்தில் எல்லோரும் ஒத்துப்போகிற விஷயம், முதலில் போனவர்கள் பெண்கள் என்பது. அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் ஜொசிஃபஸ், பெண்களின் சாட்சியை ஏற்கக்கூடாது என்பதை மோசேயின் சட்டமாகவே எழுதுகிறார். இரண்டாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைத் தாக்கி எழுதிய செல்சஸ், பித்துப்பிடித்த ஒரு பெண் சொன்னதையா நம்புகிறீர்கள் என்று நக்கல் செய்தான். கதை கட்டுகிறவன் இப்படியொரு சாட்சியைத் தேர்ந்தெடுப்பானா? பவுல் ஐம்பதுகளின் நடுவில், அதாவது சம்பவத்துக்குச் சுமார் 25 ஆண்டுக்குள், கொரிந்தியருக்குச் சாட்சிப் பட்டியல் தருகிறார், அதில் பெண்கள் ஒருவர் பெயரும் இல்லை. அதற்கு அப்புறம் எழுதப்பட்ட சுவிசேஷங்களில் பெண்கள் இருக்கிறார்கள் என்றால், வசதிக்காகச் சேர்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பட்டியலில் யாக்கோபு இருக்கிறார், இயேசுவின் சகோதரர். உயிரோடு இருந்தபோது சகோதரர்கள் அவரை நம்பவில்லை என்று யோவான் 7 வெளிப்படையாகவே சொல்கிறது. பிறகு அதே யாக்கோபு எருசலேம் சபைக்குத் தலைவராகி, கி.பி. 62இல் கொல்லப்படுகிறார். அந்தச் சாவை எழுதி வைத்திருப்பவரும் ஜொசிஃபஸ்தான். நடுவில் ஏதோ நடந்திருக்கிறது.

இதெல்லாம் நிரூபணம் ஆகுமா? ஆகாது. ஏதோ நடந்தது என்பது வரைக்கும்தான் வரலாறு கூட்டிக்கொண்டு போகும், கடவுள் எழுப்பினார் என்பது விசுவாசம். தோமா தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றார், அவரை யாரும் சபையைவிட்டுத் துரத்தவில்லை, எட்டு நாள் கழித்தும் அவர்களோடுதான் இருந்தார். அந்தத் தோமாதான் நம் மயிலாப்பூர்க் கடற்கரைக்கு வந்தார் என்பது பாரம்பரியம், சாந்தோமில் கல்லறையும் இருக்கிறது. சந்தேகப்பட்டவர் என்பதற்காகத் தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள் யாரும் அவரைக் குறைத்து மதிப்பதில்லை.

கேள்வி: இறந்தவர் இப்போது எங்கே இருக்கிறார்? கடைசி நாளில்தான் எழுவார் என்றால் அதுவரைக்கும் தூங்குகிறாரா? நான் சி.எஸ்.ஐ., மனைவி கத்தோலிக்கர். கல்லறைத் திருநாளான நவம்பர் 2 வந்தால் வீட்டில் இதே பேச்சு.
– வாசகர், நாகர்கோவில்

பதில்: பைபிளில் இரண்டும் இருக்கிறது. சிலுவையில் இயேசு பக்கத்தில் தொங்கிய கள்ளனிடம் "இன்றைக்கு என்னோடு பரதீசில் இருப்பாய்" என்கிறார். பவுல் இறந்தவர்களை நித்திரை அடைந்தவர்கள் என்கிறார். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி லூத்தர் தூக்கம் என்றே பல இடங்களில் பேசினார், இன்னொரு சீர்திருத்தவாதி கால்வின் அந்தக் கருத்தை எதிர்த்துத் தனியாகவே எழுதினார், ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையார் இன்றைக்கும் தூக்கம்தான் என்கிறார்கள். கத்தோலிக்கத் திருச்சபையிலும் இது லேசில் முடியவில்லை. 1331இல் போப் இருபத்திரண்டாம் யோவானே, கடைசித் தீர்ப்புக்கு முன் புனிதர்கள்கூடக் கடவுளை நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்று பிரசங்கித்துப் பெரிய சண்டையாகி, 1334இல் சாகக் கிடந்தபோது அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336இல், தூய்மையான ஆத்துமாக்கள் உடனே பார்க்கும் என்று முடித்துவைத்தார். போப்புக்கே தடுமாறிய விஷயத்தில் நீங்களும் உங்கள் மனைவியும் தடுமாறினால் தப்பில்லை.

இறந்தோருக்காக ஜெபிப்பதை உங்கள் சபை ஏற்காது, பரலோகம் போகுமுன் ஆத்துமாக்கள் தூய்மையாகிற உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிய போதனையை லூத்தருக்குப் பின் வந்தவர்கள் விட்டுவிட்டார்கள். உங்கள் மனைவியின் சபை ஏற்கும், மக்கபேயர் ஆகமத்தைக் காட்டும், அது உங்கள் பைபிளில் இல்லை. இதை உங்கள் சாப்பாட்டு மேஜையில் தீர்க்க முடியாது. ஆனால் கல்லறைத் திருநாளன்று கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றுவதில் என்ன கஷ்டம்? கூடப் போங்கள். அவர் ஜெபிக்கட்டும், நீங்கள் நன்றி சொல்லுங்கள்.

கேள்வி: நான் வேலை பார்ப்பது வெளிநாட்டில். சென்னையில் கல்லறை இடம் கிடைப்பது கஷ்டம் என்பதால், அம்மா காலத்துக்குப் பிறகு தகனம் செய்யலாமா என்று யோசிக்கிறேன். உடலை எரித்துவிட்டால் உயிர்த்தெழுதலுக்குத் தடையா?
– சென்னை வாசகர்

பதில்: தடையில்லை. கி.பி. 177இல் பிரான்சின் லியோன் நகரத்தில் கிறிஸ்தவர்களைக் கொன்றபோது, ஆறு நாள் உடல்களை வெட்டவெளியில் போட்டு வைத்து, பிறகு எரித்து, சாம்பலை ரோன் ஆற்றில் கொட்டினார்கள். இவர்கள் எப்படி உயிர்த்தெழுகிறார்கள் என்று இனிப் பார்ப்போம் என்று சொல்லியே கொட்டினார்கள், தப்பிப் பிழைத்தவர்கள் எழுதிய கடிதம் பழைய திருச்சபை வரலாற்றாசிரியர் யூசேபியுஸின் நூலில் இருக்கிறது. அந்தச் சபையார் உடல்களை அடக்கம் செய்ய முடியவில்லையே என்று ரொம்ப வருந்தினார்கள், ஆனால் அவர்கள் எழ மாட்டார்கள் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. மண்ணில் வைத்த உடலும் கடைசியில் மண்ணாகத்தான் போகிறது, தீ அதைச் சீக்கிரம் செய்கிறது.

அடக்கம்தான் பழைய வழக்கம், கிழக்கு ஆர்த்தடாக்ஸ் சபைகள் இன்றும் தகனத்தை எதிர்க்கின்றன. கத்தோலிக்கர்களுக்கு 1963இல் தடை நீங்கியது, உயிர்த்தெழுதலை மறுப்பதற்காகச் செய்யக்கூடாது என்பது மட்டும் நிபந்தனை. 2016இல் வந்த வத்திக்கான் அறிவுறுத்தல் சாம்பலைத் தூவக்கூடாது, வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது, கல்லறை போன்ற புனித இடத்தில் வைக்க வேண்டும் என்கிறது. 2023 டிசம்பரில் கொஞ்சம் தளர்த்தி, இறந்தவருக்கு முக்கியமாக இருந்த ஓர் இடத்தில் சிறு பகுதியை வைக்க அனுமதிக்கலாம் என்றார்கள். நீங்கள் வேறு சபை என்றால் உங்கள் போதகரைக் கேளுங்கள், பெரும்பாலும் விதியை விட ஊர் வழக்கம்தான் பேசும். குடும்பக் கல்லறை இருந்தால், அதையே மறுபடி திறக்க விடுவார்களா என்று கல்லறை நிர்வாகத்திடம் முதலிலேயே விசாரித்து வையுங்கள்.

இதையெல்லாம் என்னிடம் கேட்டீர்கள், அம்மாவிடம் கேட்டீர்களா என்று கடிதத்தில் இல்லை. "காலத்துக்குப் பிறகு" என்று எழுதியிருப்பதால் அவர் இன்னும் இருக்கிறார். தன்னை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்கு நிச்சயம் ஒரு விருப்பம் இருக்கும். அடுத்த விடுமுறைக்குக் காத்திருக்காமல் போனில் கேளுங்கள், அவர் சொல்வதை எழுதி, உங்கள் கூடப்பிறந்தவர்களுக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.